சாருக்கு ஒரு பீஸ்

குவாலிட்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தையலில் என்னென்ன குறை வரும், துணியில் என்னென்ன வரும் என்பதைப் பயிற்சியில் படம் போட்டே காட்டிவிடுவார்களாம். அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. பயிற்சியில் இல்லாத ஒரு குறை இருக்கிறது. அது துணியில் வராது. டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருப்பவருக்கு வரும். எனக்கு வந்து முற்றியதால் அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு.

எண்பதுகளின் கடைசியில் திருப்பூரில், வெளிநாட்டுப் பையர்களுக்குச் சரக்கு வாங்கிக் கொடுக்கும் ஒரு பையிங் ஆபீசில் நான் இன்ஸ்பெக்டர். வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு தயாரானதும் கம்பெனிக்குப் போய்ச் சில பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும். நான் கையெழுத்துப் போட்டால் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பும். போடாவிட்டால் நிற்கும். வேலை அவ்வளவுதான். ஒருவனைக் கெடுக்க இது போதும்.

அன்றைக்கு எந்த பனியன் கம்பெனிக்குப் போனாலும் கை வைத்த நாற்காலி ஒன்றுதான் இருக்கும். முதலாளி அதில் உட்கார்ந்திருப்பார். என் மொபெட் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவார். துண்டால் ஒரு தட்டுத் தட்டி எனக்குப் போடுவார். டேபிள் ஃபேன் என் பக்கம் திரும்பும். அதுவரை அந்தக் காற்றில் நின்றிருந்த அயர்ன்காரர் வேர்க்க ஆரம்பிப்பார். இளநீர் வரும். ஆறு மாதத்தில் இது பழகிவிடும். ஒரு வருடத்தில், ஃபேன் திரும்பத் தாமதமானால் சரக்கில் குறை தெரிய ஆரம்பித்துவிடும்.

எனக்குள்ளே ஒரு சார் குடிவந்தது அப்படித்தான். அட்வான்சும் கொடுக்கவில்லை, வாடகையும் கொடுக்கவில்லை. இன்னும் காலியும் செய்யவில்லை.

அந்தச் சாருக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, அளவுச் சீட்டைத் திறந்து பார்க்காமலே அளப்பது. எந்த ஆர்டர், எந்த சைஸ், எங்கே எத்தனை இன்ச் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம் என்று ஊரே பேசும்படி வைத்திருந்தேன். சீட்டு என் பைக்குள்ளேயே இருக்கும், வெளியே எடுப்பது கௌரவக் குறைச்சல். இரண்டாவது, கண். மேசையில் அடுக்கிவைத்த பீஸ்களில் மூன்றாவதையோ நான்காவதையோ புரட்டும்போதே ஒரு குறையைப் பிடித்துவிடுவேன். பெரும்பாலும் கழுத்துத் தையலில் இருக்கும். "கழுத்து சார்" என்று எனக்குப் பட்டப்பெயரே உண்டு. அது கேலியாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. குறையைப் பிடித்ததும் பத்து நிமிடம் எல்லாரையும் நிறுத்திவைத்துப் பாடம் எடுப்பேன். உள்ளே இருக்கிற சார் சாப்பிட்டு ஏப்பம் விடுவார். அதற்குப் பிறகு மிச்சச் சரக்கை நிதானமாக, நியாயமாகவே பார்ப்பேன். அதையும் சொல்ல வேண்டும்.

காங்கேயம் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் காதர் பாய் கம்பெனி. பல வருடம் அடுத்தவர்களுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அந்த வருடம்தான் முதல் முறையாகத் தன் பெயரில் ஒரு எக்ஸ்போர்ட் ஆர்டர் வாங்கியிருந்தார். கருநீல நிறத்தில் வட்டக் கழுத்து டி-சர்ட். சாயங்காலம் ஆறு மணிக்கு லாரி வர வேண்டும். அதை விட்டால் கப்பலைப் பிடிக்க முடியாது. கப்பலை விட்டால் ஆர்டர் ரத்து, அடுத்த ஆர்டரும் கிடையாது, பாய் பழையபடி அடுத்தவர் துணியைத் தைக்கப் போக வேண்டியதுதான். அவரோடு அந்தச் சந்தில் இருபது முப்பது பேரின் பிழைப்பு.

செக்கிங் பகுதிக்கு ஒரு பெண் பொறுப்பாக இருந்தார். கொமரலிங்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர், ஏறக்குறைய என் வயது. பெயரைச் சொன்னால் "என்ற பேர எதுக்குங்க இழுக்கறீங்க" என்று இன்றைக்கும் திட்டுவார். கம்பெனியில் எல்லாரும் கூப்பிட்டதுபோல அம்மிணி என்றே வைத்துக்கொள்வோம்.

காலை பதினோரு மணிக்குப் போனேன். பாய் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அலமாரி மேல் இனிப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. நான் கையெழுத்துப் போட்டதும் எல்லாருக்கும் கொடுக்க. நாற்காலி வந்தது, ஃபேன் திரும்பியது, இளநீர் வந்தது. பெட்டிகளைக் காட்டினேன், பிரித்து மேசையில் அடுக்கினார்கள்.

மூன்றாவது பீஸைப் புரட்டினேன். ஒன்றும் இல்லை. நான்காவது, ஒன்றும் இல்லை. பத்து, இருபது. கழுத்து, கை, அடிமடிப்பு, எங்கேயும் ஒரு பிசிறு கூட இல்லை. இன்னொரு பெட்டி கேட்டேன். அதிலும் இல்லை.

நல்ல சரக்கைப் பார்த்தால் நல்ல இன்ஸ்பெக்டருக்குச் சந்தோஷம் வர வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பேர் சுற்றி நின்று பார்க்கிறார்கள், கழுத்து சார் ஒன்றும் பிடிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதா? பிறகு இளநீர் எதற்கு? உள்ளே இருக்கிற சாருக்குப் பசி. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

டேப்பை எடுத்தேன். மார்பளவு சரி. கை நீளம் சரி. உயரத்தை அளந்தேன். ஒரு இன்ச் குறைவு. அடுத்த பீஸ், ஒரு இன்ச் குறைவு. அடுத்ததும் அப்படியே. அரை இன்ச் வரை முன்னே பின்னே இருக்கலாம், ஒரு இன்ச் கூடாது. எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

"லாட் மொத்தமும் உயரம் குறைவு, ரிஜெக்ட்" என்றேன்.

பாய் முகத்தில் ரத்தமே இல்லை. "சார், நீங்க ஓகே பண்ணிக் குடுத்த சேம்பிளும் இதே உயரந்தானுங்க. ஒருக்கா மேல வெச்சுப் பாத்துருங்க."

"சேம்பிளும் நீங்க தச்சதுதானே? அதுவும் குறைவாத்தான் இருந்திருக்கும்" என்றேன். இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அம்மிணி என் கையிலிருந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "ஏனுங்க சார், சீட்டை ஒருக்கா எடுத்துப் பாத்துக்கலாமுங்களா?" என்றார்.

"சீட்டு என் தலைக்குள்ள இருக்குது, அம்மிணி."

"சரிங்க சார்" என்றார். கொங்கு நாட்டு "சரிங்க"வில் பல வகை உண்டு. அது எந்த வகை என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

ஆபீசுக்குத் திரும்பி ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் உண்டு, இருக்க வேண்டிய அளவு என்று. அதற்குச் சீட்டைப் பார்த்து எழுதியே ஆக வேண்டும், தலைக்குள்ளிருந்து எழுதினால் மேனேஜர் ஒத்துக்கொள்ள மாட்டார். திறந்தேன். சட்டை படம் போட்டு, உயரத்துக்கு ஒரு அம்பு. அம்பு தோளின் உச்சியிலிருந்து, கழுத்தோரத்திலிருந்து ஆரம்பித்துக் கீழே இறங்கியது. நான் அளந்தது பின்கழுத்தின் நடுவிலிருந்து. பின்கழுத்து உச்சியை விட ஒரு இன்ச் பள்ளம். அதற்கு முந்தின மாதம் முழுக்க வேறொரு பையரின் சரக்கைப் பார்த்திருந்தேன், அவர்களுக்குப் பின்கழுத்திலிருந்து அளக்க வேண்டும். கை அந்தப் பழக்கத்திலேயே போய்விட்டது. சரக்கில் ஒரு நூலளவும் தப்பு இல்லை.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். தப்பு யாருக்கும் வரும். அது தெரிந்த அடுத்த அரைமணி நேரத்தில் உள்ளே இருக்கிற சார் வக்கீலாகிவிடுவார். அவர் வாதாடுவதைக் கேட்டால் நீங்களே கட்சி மாறிவிடுவீர்கள்.

முதலில், "சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும், வேறு ஏதாவது காரணம் எழுதிக்கொள்ளலாம்" என்றார். பாயின் வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது. அந்த அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை, மறுத்துவிட்டேன். உடனே அவர் இன்னொரு யோசனை சொன்னார். பிரமாதமான யோசனை. திரும்பப் போய், "பாய், உங்க முதல் ஆர்டர்ங்கறதுக்காக மேலிடத்துல பேசி இந்த ஒரு தடவை விட்டுக்குடுக்கறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுவது. சரக்கும் போய்விடும், பாயும் பிழைத்துக்கொள்வார், நான் தர்மப்பிரபு ஆகிவிடுவேன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது. அம்மிணி கூட நன்றி சொல்லுவார்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. மொபெட்டை எடுத்தேன். விட்டுக்கொடுக்கும் வசனத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். காங்கேயம் ரோட்டைத் தொடும்போது குரலில் ஒரு கருணையே வந்துவிட்டது.

சந்துக்குள் நுழைந்தால், நான் போனதிலிருந்து எந்தத் தையல் மிஷினும் ஓடவில்லை என்றார்கள். எல்லாரும் அயர்ன் மேசையைச் சுற்றி நின்றார்கள். டி-சர்ட்டின் தோளை ஒருவர் பிடிக்க, அடியை ஒருவர் பிடிக்க, இருவரும் இழுக்க, நடுவில் ஆவி பறக்க அயர்ன் ஓடியது. பனியன் துணியை ஆவியில் இழுத்தால் நீளும். ஒரு இன்ச் குறைவு என்று சார் சொல்லிவிட்டார், மறுபடி தைக்க நேரமில்லை, இழுத்தாவது ஒரு இன்ச்சைக் கொண்டுவந்துவிட வேண்டும். பாய் தானே ஒரு மேசையில் நின்று இழுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க ஈரம். சாப்பாட்டுத் தூக்குகள் திறக்காமல் வரிசையாக இருந்தன. கை வைத்த நாற்காலியில், காலையில் நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில், இனிப்புப் பெட்டிகளை இறக்கிவைத்திருந்தார்கள், அலமாரி மேல் இடம் வேண்டியிருந்ததால்.

நன்றாக இருந்த சரக்கை நான் சொன்ன ஒரு சொல்லுக்காகக் கெட்ட சரக்காக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. சொல்வதில் இப்போது வெட்கமில்லை, அன்று இருந்தது.

அந்த இடத்தில்தான் என் வசனம் உதவாது என்பது புரிந்தது. விட்டுக்கொடுக்கிறேன் என்று நான் கருணை காட்டினால், பழைய அளவு தப்பு, இழுத்த அளவு நல்லது என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். அதற்குள் இழுத்து முடித்திருந்த மூன்று பெட்டியும் அப்படியே கப்பலேறும். இடுப்பில் ஒடுங்கி, உயரத்தில் வளர்ந்து, முதல் துவைப்பில் கோணிக்கொண்டு நிற்கும். பையர் அடுத்த ஆர்டர் கொடுப்பாரா? சரக்கைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பழைய அளவுதான் சரி என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் காலையில் அளந்தவன் தப்பு. நடுவில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பேசாமல் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் இரண்டு பீஸ் கெட்டுக்கொண்டிருந்தது. மணி மூன்று.

"பாய், அயர்னை நிறுத்தச் சொல்லுங்க" என்றேன். "உயரம் சரியாத்தான் இருக்குது. நான்தான் தப்பா அளந்துட்டேன். தோள்ல இருந்து அளக்கறதுக்குப் பின்கழுத்துல இருந்து அளந்துட்டேன்."

வாக்கியத்தை முடிப்பதற்குள் உயிர் போய் வந்தது. கூரை இடிந்து விழும், எல்லாரும் சிரிப்பார்கள், பாய் சட்டையைப் பிடிப்பார், என்னென்னவோ எதிர்பார்த்தேன்.

பாய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்பப் பழைய அளவே சரிங்களா சார்?"

"சரிதான்."

"ஏப்பா, இழுக்கறத நிறுத்துங்க. இழுத்ததையெல்லாம் தனியா எடுத்து வைங்க. அம்மிணி, அத மறுக்கா ஆவி விட்டு ஒடுக்கீறலாமா?"

"ஒடுக்கீறலாமுங்க. கையில இழுக்காம சும்மா ஆவி காட்டுனாப் போதும்" என்றார் அம்மிணி.

அவ்வளவுதான். எல்லாரும் திரும்பிக்கொண்டார்கள். என் வாழ்க்கையிலேயே பெரிய வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டு நடுக்கூடத்தில் நிற்கிறேன், ஏறிட்டுப் பார்க்க ஆள் இல்லை. அவர்களுக்கு வேலை இருந்தது. உள்ளே இருக்கிற சாருக்கு அதிலும் கொஞ்சம் மனத்தாங்கல்தான், இவ்வளவு பெரிய மனசை யாரும் பாராட்டவில்லையே என்று. அவரை அங்கேயே நிற்கவைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நானும் போய் மேசையில் நின்றேன். சீட்டை எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி விரித்துவைத்தேன். இழுத்த பீஸ் ஒவ்வொன்றுக்கும் ஆவி காட்டி, ஆற வைத்து, தோளிலிருந்து நானே அளந்தேன். முழுதாகத் திரும்பாத சில பீஸ்களை எடுத்துவிட்டுக் கையிருப்பிலிருந்து மாற்றினார்கள். லாரி ஆறு மணிக்கு வந்து ஏழு மணிக்குக் கிளம்பியது. இனிப்புப் பெட்டியை உடைத்தார்கள். முதல் துண்டைப் பாய் எனக்குத்தான் கொடுத்தார்.

நாற்காலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு துணி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். அம்மிணி டீ டம்ளரோடு பக்கத்தில் வந்தார்.

"இன்னைக்கு நடந்ததுக்கெல்லாம் நாந்தானுங்க காரணம், சார்."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"உங்க பீஸை வெக்காம விட்டுப்போட்டனுங்க."

"எந்தப் பீஸ்?"

அம்மிணி என்னைப் பார்த்தார். பாவம், இவருக்குத் தெரியவே தெரியாதா என்கிற பார்வை. பிறகு சொன்னார். பெட்டியிலிருந்து பீஸ்களை மேசைக்குக் கொண்டுவரும்போது, மேலிருந்து மூன்றாவதாகவோ நான்காவதாகவோ ஒரு தப்புப் பீஸைச் சொருகிவிடுவார்கள். சரக்கில் சேராத பீஸ், இதற்கென்றே தனியாக எடுத்துவைத்தது. இன்ஸ்பெக்டர் வந்ததும் அதைப் பிடிப்பார், திட்டுவார், மனசு ஆறிவிடும். பிறகு ஒழுங்காகப் பார்ப்பார்.

"இங்க மட்டுமா?"

"எல்லாக் கம்பெனிலயும் வெப்பாங்க சார். உங்களுக்குக் கழுத்துல பிசிறு. உங்க ஆபீஸ்ல இன்னொரு சார் இருக்கறாரில்லீங்க, அவருக்கு எண்ணெய்க் கறை வெச்சாத்தான் புடிக்கும்."

ஆளுக்கொரு ருசி வேறு.

"சரி, இன்னைக்கு ஏன் வெக்கல?"

"பாய்தான் வேண்டாம்னுட்டாருங்க. என்ற பேர்ல போற மொதச் சரக்கு, ஒரு தப்புப் பீஸுகூட மேசைக்கு வரக் கூடாதுன்னு போட்டாரு. நான் சொன்னேன், சாமி, சாருக்குன்னு ஒண்ணு இருக்கோணும்னு. கேக்கலீங்க."

அப்படியானால் பாய்க்குள்ளும் ஒருவர் குடியிருந்திருக்கிறார். காலையில் வெள்ளைச் சட்டை போட்டு வந்தது அவர்தான் போலிருக்கிறது. இரண்டு சார்களும் மோதிக்கொண்டதில் ஊரே பட்டினி கிடந்து துணியை இழுத்தது.

வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். ஐந்து வருடமாகப் பிடித்த குறைகளை எண்ணிப் பார்த்தேன். எது நான் பிடித்தது, எது எனக்கு வைத்தது? கண்டுபிடிக்க வழியில்லை. அந்தக் காயம் ஆற வருடமாயிற்று. ஆனால் அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. கம்பெனிக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகச் சீட்டை எடுத்து எல்லார் கண்ணிலும் படும்படி விரிப்பேன். பிறகு அம்மிணியிடம் "எங்க என்ற பீஸ்?" என்று கேட்பேன். அவரும் முகத்தை வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுப்பார். கழுத்துப் பிசிறைப் பார்த்து இரண்டு நிமிடம் சத்தம் போடுவேன். அவரும் குறித்துக்கொள்வார். அந்தச் சாரைத் துரத்த முடியாது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. நேரத்துக்கு ஒரு வாய் சோறு போட்டு மூலையில் உட்காரவைத்தால் வேலைக்குள் மூக்கை நுழைக்க மாட்டார்.

ஒரு வருடம் கழித்து, இப்படி அவருக்குச் சோறு போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தோள் தையலில் வரிசையாக ஊசி ஓட்டைகளைப் பிடித்தேன். வைத்தது இல்லை, நிஜமான குறை. அம்மிணியின் செக்கிங்கில் தப்பியது. சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. அடுத்த இரண்டு முறை போனபோது "வாங்க" என்றதோடு சரி. டீ வந்தது, ஆறிப்போய் வந்தது. அடடா, இந்த வீட்டிலும் ஒரு சார் குடியிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சீட்டை விரிக்க ஆரம்பித்ததிலிருந்து ரிப்போர்ட்டையும் கம்பெனியிலேயே எழுதிவிடுவேன், கம்பெனி தரப்புக் கையெழுத்துக்கு முன்னால் அதைப் படித்துப் பார்ப்பது அம்மிணிதான். மூன்றாவது முறை லாட் நம்பரில் வேண்டுமென்றே ஒரு எண்ணை மாற்றி எழுதி நீட்டினேன்.

"ஏனுங்க சார், லாட் நம்பர் தப்புங்க" என்றார் சத்தமாக, நாலு பேர் காதில் விழும்படி.

"அட, ஆமாங்க அம்மிணி. நல்லவேளை பாத்தீங்க."

முகம் மலர்ந்துவிட்டது. டீ சூடாக வந்தது. அதற்குப் பிறகு ஏழெட்டு வருடம், போகும்போதெல்லாம் ஒரு எண்ணை மாற்றி எழுதினேன், அவரும் விடாமல் பிடித்தார். பாய்க்கு அதற்குள் இரண்டாவது மாடி எழும்பியிருந்தது. எல்லார் முன்னாலும் அவர் அம்மிணியின் கண்ணைப் புகழ்வார். நானும் தலையாட்டுவேன். யார் யாருக்கு வைக்கிறார்கள் என்று எங்களுக்குள் பேச்சே வந்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து என்னை ஆபீஸ் நாற்காலிக்கு மாற்றினார்கள். அதற்கு முன்னால் பாய் கம்பெனியில் கடைசியாக ஒரு லாட் பார்க்கப் போனேன். என் பீஸை வாங்கிச் சத்தம் போட்டேன், சரக்கைப் பார்த்தேன், ரிப்போர்ட் எழுதினேன். மனசு வேறெங்கோ இருந்ததில் லாட் நம்பரைச் சரியாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது.

அம்மிணி வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏனுங்க சார், உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

தாளைத் திரும்ப வாங்கினேன். ஒரு எண்ணை அடித்துத் தப்பாக எழுதிக் கொடுத்தேன்.

"தப்புங்க சார்" என்றார் சத்தமாக.